கிணற்றுக்குள் ஓர் எரிமலை

பினாங்கிலிருந்து கப்பலேறி இந்தியா போகிறவர்கள் திரும்பும்போது பட்டுச்சேலை கொண்டுவருவார்கள், குத்துவிளக்கு கொண்டுவருவார்கள், சிலர் பெண்டாட்டியே கொண்டுவருவார்கள். நான் கல் கொண்டுவரப் போனேன். இதைக் கேட்ட என் அக்காள், "இங்க கல்லுக்கா பஞ்சம்?" என்றாள். எங்கள் ஈப்போவைச் சுற்றி நாலா பக்கமும் சுண்ணாம்புக்கல் மலைதான். நான் பெட்டியைக் கட்டினேன்.

மலேயா சுதந்திரம் பெற்ற மறு வருஷம் அது. கற்களை அறுத்து, தேய்த்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பது எனக்கு உத்தியோகம். என் மேலதிகாரி ஸ்காட்லாந்துக்காரர். நாங்கள் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவோம். அவர் இளவயதில் சென்னை ராஜதானியில் வேலை பார்த்தவர். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில், மற்றப் பாறைகளை வெட்டிக்கொண்டு ஓடும் ஒரு கறுப்புக் கல் வரிசையைப் பார்த்து, இது ஆதிகாலத்து எரிமலை ஒன்றின் வேர் என்று எழுதினார். மேலே இருந்த மலையை மழையும் காற்றும் தின்றுவிட்டன. வீடு இடிந்துபோய் அஸ்திவாரம் மட்டும் கிடக்கிற மாதிரி, வேர் மட்டும் மிச்சம். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. பூமியில் ஒரு புல் பூண்டு முளைப்பதற்கும் முன்னால் வெடித்த எரிமலை இது என்றும் சேர்த்து எழுதிவிட்டார். தக்காணத்து எரிமலைகளோடு சேர்ந்த நேற்றைய குழந்தை இது என்று சொல்லி மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெரிய பதவிக்காரர்கள். துரையை மலேயாவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது சீமையில் கல்லுக்கு வயது சொல்லும் யந்திரம் வந்துவிட்டது. விஷயம் இதுதான். பாறையில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சூண்டு, மகா மெதுவாக, ஆர்கான் என்ற வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். பாறை குழம்பாய்க் கொதிக்கிறபோது அந்த வாயு தங்காமல் ஓடிவிடும். குழம்பு ஆறி இறுகிய நாளிலிருந்து, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேரும். சேர்ந்திருப்பதை அளந்தால், எரிமலை எப்போது வெடித்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் அந்தக் கல் மறுபடி சூடேறியிருக்கக் கூடாது. சூடேறினால் வாயு தப்பிவிடும். கிழட்டுக் கல் குமரி மாதிரி வயதைக் குறைத்துச் சொல்லிவிடும்.

துரை உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று ஊருக்குப் போகிறார். அங்கே யந்திரம் வைத்திருப்பவர்கள் அவருடைய கல்லைச் சோதிக்கச் சம்மதித்துவிட்டார்கள். உடம்பு சரியில்லாததால் அவரால் இந்தியா வர முடியவில்லை. என்னை அனுப்பினார். "நெருப்புப் படாத கல், மழையில் ஊறி மட்கிப்போகாத கல்" என்று துறைமுகத்திலும் ஒரு தடவை சொன்னார். வெள்ளிக்கிழமை சென்னையில் கிளம்பும் கப்பலில் நான் கல்லோடு ஏறியாக வேண்டும். அதை விட்டால் அவர் வெறுங்கையோடுதான் ஊர்போய்ச் சேருவார். வாழ்நாள் முழுக்கச் சுமந்த சிரிப்பை மறுபடியும் சுமந்துகொண்டு போவார்.

செங்கல்பட்டில் எனக்குத் துணை ஏகாம்பரம் வாத்தியார். உள்ளூர்ப் பள்ளியில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். துரைக்குத் தெரிந்த யாரோ சொல்லி ஏற்பாடு. ஒல்லியான மனிதர், குடையை வெயிலிலும் விரிக்க மாட்டார், கையில் பிடிப்பதோடு சரி. ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "நாஸ்தா ஆச்சா சார்?" எங்கள் ஊரில் காலையில் பார்க்கிறவரை, 'பசியாறியாச்சா' என்று கேட்போம். இரண்டும் ஒன்றுதான் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவர் என்னை ஓர் ஓட்டலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போவில் எங்கள் இட்லி கொஞ்சம் கோபக்காரர். அழுத்தினால் திருப்பி அழுத்துவார். செங்கல்பட்டு இட்லி தொட்டதும் உட்கார்ந்துவிட்டது. நான் எத்தனை சாப்பிட்டேன் என்பதைப் பரிமாறியவர் உரக்கச் சொன்னார், நான் இங்கே சொல்லப்போவதில்லை. காப்பி மட்டும் எனக்குப் புதிர். டம்ளரிலும் டவராவிலுமாக வந்தது. எங்கள் கோப்பிக்கடைக்காரர் நுரை பொங்க உயரத்திலிருந்து ஊற்றுவதோடு அவர் வேலை முடிந்தது, நாம் குடிக்கலாம். இங்கே ஊற்றுகிற வேலையும் நமக்கே. முதல் வாய் என் சட்டைக்குப் போயிற்று.

"பரவால்ல சார்" என்றார் வாத்தியார். "மலேயாவுல காப்பி கீதா, இல்லியா?"

மறுநாள் திங்கட்கிழமை, திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு கல்குவாரிக்குப் போனோம். துரை வரைந்து கொடுத்த கறுப்பு வரிசை அதன் நடுவே போகிறது. குவாரி மேஸ்திரி முனுசாமிக்கு வாத்தியார் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அந்த மனிதர் தலைப்பாகையோடு, கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். பக்கத்தில் ஒரு பலகைமேல் ஆறு கறுப்புக் கற்கள். செங்கல் மாதிரி சதுரமாக வெட்டி, தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் உடைத்த தேங்காய்.

"அத்தினி தூரத்துலேர்ந்து கல்லுக்கோசரம் வர்றாங்கன்னு வாத்தியாரு சொன்னாரு" என்றார் மேஸ்திரி. "கரடுமொரடா குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் நானே கூட நின்னு வேலை வாங்குனேன்."

எண்ணெயும் குங்குமமும் கழுவினால் போய்விடும். ஒன்றின் மூலையைச் சுத்தியலால் தட்டி, உடைந்த முகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மட்கலே இல்லை. படிகங்கள் பளபளவென்று இருந்தன. ஊசியிலை போன்ற படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வந்த வேலை முதல் நாளே முடிந்தது! மேஸ்திரி வீட்டில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். மிளகாயை நான் ஒரே கடியாகக் கடித்ததைப் பார்த்து, அந்த அம்மாள் தண்ணீருக்கு ஓடினார்கள்.

செவ்வாய்க்கிழமை மகாபலிபுரம். வேலை முடிந்த மனிதன் எப்படி ஊர் சுற்றுவானோ அப்படிச் சுற்றினேன். கடற்காற்று, சவுக்குத் தோப்பு, கரையில் இழுத்துப் போட்ட கட்டுமரங்கள். பினாங்கில் கடல் கப்பல்களுக்கு நடுவே எங்கேயாவது தெரியும். இங்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு மீனவப் பெண் என் தொப்பியைப் பார்த்துவிட்டு பக்கத்திலிருந்தவளிடம், "வெள்ளக்காரன் கறுப்பாயிட்டான்டி" என்றாள். நான் தமிழில் சிரித்ததும் இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்தோம். பாறை முகத்து யானைகளைப் பார்த்தோம். பிறகு ஒரு மொட்டைப் பாறையின் நிழலில் உட்கார்ந்து வாத்தியார் கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தோம். அந்தப் பாறையின் மேல், தையல் போட்ட மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். இவை என்ன என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல கல்லைப் பொளந்த வழி" என்றார் வாத்தியார். "வரிசையாக் குழி வெட்டி, மர ஆப்பு அடிச்சி, தண்ணி ஊத்துவாங்களாம். மரம் ஊறி உப்பும், கல்லு பொளக்கும். நாள் கணக்கா ஆவும் சார். இப்ப யாருக்குப் பொறுமை கீது? நம்ம முனுசாமிகிட்ட சொன்னா, சாயங்காலமே பொளந்து குடுத்துடுவாரு."

"எப்படி?"

"எப்படின்னா? பாறை மேல வெறகை அடுக்கி நெருப்பு வக்கிறதுதான். நல்லாச் சூடேறினா கல்லு பொரிஞ்சி, பலகை பலகையாப் பேந்துகினு வரும். இந்தப் பக்கம் பூரா அப்படித்தான்."

நான் புளியோதரையைக் கீழே வைத்தேன்.

"நமக்குக் கொடுத்த கல்?"

"அதுவும்தான். உங்களுக்குன்னு பனங்கட்டையா பார்த்து அடுக்கினாராம். காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விடாம எரிச்சாராம்." சொல்லச் சொல்லவே வாத்தியாரின் முகம் மாறிற்று. ஆர்கான் கதையை முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் சயின்ஸ் வாத்தியார் அல்லவா. "ஐயையோ" என்றார். "சார், நான் இதை யோசிக்கவே இல்லியே!"

அவர்மேல் கோபித்து என்ன பயன். அந்தக் கற்களை அப்படியே கொண்டுபோனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. துரை நம்பி வாங்கிக்கொள்வார். யந்திரம் அளக்கும், குறைந்த வயதைச் சொல்லும், 'நேற்றைய குழந்தை' என்று சிரித்தவர்கள் பக்கமே தீர்ப்பாகிவிடும். மரியாதைக்காக மூட்டிய நெருப்பு, ஒரு நல்ல மனிதரின் வாழ்நாள் நம்பிக்கையைச் சாம்பலாக்கிவிடும். அதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேறு கல் வேண்டும்.

உடனே திரும்பும் பஸ்ஸைப் பிடித்தோம். பிடித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த பஸ்ஸை நடந்தே முந்தலாம். என் மடியில் யாருடைய கோழியோ இருந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. பாதி வழியில் முன்பக்கம் புகை கிளம்பி வண்டி நின்றது. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, "தண்ணி குடிச்சே தீத்துடுச்சி" என்று வண்டியைத் திட்டினார். கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு, சாலையோரக் கொல்லையில் தெரிந்த ஒரு கிணற்றுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார். டின் காலி.

"கெணறாம் கெணறு! ஒரு சொட்டு இல்ல. உள்ள பூரா கறுப்புக் கல்லுதான் கீது."

நான் கோழியை வாத்தியார் மடியில் வைத்துவிட்டு ஓடினேன்.

பெரிய சதுரக் கிணறு. இரண்டு பனைமர ஆழம் இருக்கும். கரையைச் சுற்றி, உடைத்துக் கொட்டிய கறுப்புக் கல் குவியல். அதே கல்! துரையின் வரிசை இந்தக் கொல்லைக்கு அடியிலும் ஓடுகிறது. ஒரு பெண்மணி இடுப்பில் கையை வைத்து என்னையே பார்த்தார்கள். காற்சட்டை போட்டவன் கல் குவியலில் மண்டியிட்டுக் கொஞ்சினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

"இன்னா சார் வேணும்?"

அவர்கள் பெயர் பட்டம்மாள். கிணறு வெட்டுவது அவர்கள் வீட்டுக்காரர் கன்னியப்பன். கருங்குழியிலிருந்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கொல்லை முழுக்க நடந்தாராம். இந்த இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நின்றதாம். தோண்டினார்கள். கொஞ்ச ஆழத்திலேயே இந்தக் கல் வந்துவிட்டது. இரண்டு கோடையாக உடைத்துக்கொண்டே கீழே போகிறார்கள். ஊரே விட்டுவிடச் சொல்கிறது. கன்னியப்பன் விடுவதாயில்லை.

"இதை எப்படி உடைத்தீர்கள்? நெருப்புப் போட்டா?"

"மேலாப்புல நெருப்புதான். ஆழம் போனப்புறம் பொகை அண்ட வுடல. அப்புறம் வெடி மருந்து."

அப்படியானால் குவியலில் எது நெருப்பில் வெந்தது, எது வேகாதது என்று சொல்ல முடியாது. ஆனால் கிணற்றின் அடிப்பக்கச் சுவரில் நெருப்புப் படவில்லை. அங்கே இறங்கிப் பெயர்த்தால் என் கல் கிடைத்துவிடும். விஷயத்தைச் சொன்னேன். கல்லுக்கு வயது பார்ப்பது என்றதும் பட்டம்மாள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். அதற்குள் கன்னியப்பன் வந்துவிட்டார். அவரும் கேட்டார், அவர் சிரிக்கவில்லை.

"கல்லு தாராளமா எடுத்துக்கோ. கல்லு சாஸ்திரம் படிச்சவன்னு சொல்றே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னும் எத்தினி ஆழம் போனா தண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். 'கொஞ்சம்தான்' என்று ஒரு வார்த்தை போதும், அவரே தோளில் தூக்கிக் கீழே இறக்கியிருப்பார். என் பின்னாலேயே ஓடிவந்திருந்த வாத்தியார்கூட என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அந்த மனிதரின் கையைப் பார்த்தேன். சம்மட்டி பிடித்துப் பிடித்துத் தோல் உரிந்து கிடந்தது.

"வராதுங்க" என்றேன். "இந்தக் கல் பூமிக்குள்ள செங்குத்தா நிக்கிற சுவர் மாதிரி. கீழே எத்தனை மைல் போனாலும் இதேதான். தண்ணி இருக்காது."

கன்னியப்பன் முகம் கறுத்துவிட்டது. "நாஸ்தா துன்னாம வந்தியா? வாயில நல்ல வார்த்தையே வராதா? ரெண்டு வருசமா உசிர வுட்டுக்கினு கீறோம், தரையில நின்னுகினு இல்லன்றான்! போய்யா, பஸ்ஸு பூடும்." ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். கயிறு இல்லாமல் கிணற்றில் இறங்க முடியாது. என் கல்லும் போயிற்று.

பட்டம்மாள் மட்டும் நகரவில்லை. "கீழ இல்லன்னியே. பக்கத்துல?" என்றார்கள்.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே கடல். நிலத்தடித் தண்ணீர் மேற்கிலிருந்து கடலைப் பார்த்துத்தான் நகரும். நடுவில் இப்படி ஒரு கறுப்புச் சுவர் மறித்தால், மேற்குப் பக்கம் அணை கட்டின மாதிரி தேங்கும். கொல்லையின் மேற்கே நின்ற பனைகள் கொழுத்திருந்தன. கிழக்கே நின்றவை வற்றிப்போய்க் கிடந்தன. இதையெல்லாம் சொன்னேன். "சுவர் அந்தப் பக்கம் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா என் கல்லை எங்க உடைச்சாலும் எனக்கு ஒன்றுதான். மேற்குச் சுவர்ல உடைக்கலாம். எனக்குக் கல் நிச்சயம். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தா தண்ணி."

"இதுக்கு மேல இன்னா நஷ்டம்?" என்று பட்டம்மாள் புருஷன் தோளிலிருந்து கயிற்றை எடுத்து மறுபடி ராட்டினத்தில் மாட்டினார்கள். கன்னியப்பன் தடுக்கவில்லை.

இதற்குள் பஸ், குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. கோழி என்னவாயிற்று என்று தெரியவில்லை. அன்று இரவு திருக்கழுக்குன்றத்தில் வாத்தியாரின் மைத்துனர் வீட்டில் தங்கினோம்.

புதன்கிழமை கன்னியப்பன் சம்மட்டியால் அடித்தார். மணி அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது, கல் வரவில்லை. வெடி வைத்தால் சுவரே சரியும். உளி வைத்து ஆப்பு அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். வேறு யார், முனுசாமி மேஸ்திரிதான். வாத்தியார் சைக்கிளில் போய் அழைத்துவந்தார். தாம் பொட்டு வைத்துக் கொடுத்த கல்லை வேண்டாம் என்கிறேன் என்று தெரிந்து மேஸ்திரிக்கு ஏக வருத்தம்.

"நெருப்பு பட்டா கல்லு செத்தா பூடும்? அந்தக் கல்லுல கோயில் கட்டிகீறாங்க சார்!"

"கல் சாகாது மேஸ்திரி. வயசைத்தான் மாற்றிச் சொல்லும்."

"யாருதான் மாத்திச் சொல்லல?" என்றார். கன்னியப்பனே சிரித்துவிட்டார். சிரித்ததோடு சரி, என் பக்கம் திரும்பவில்லை. மேஸ்திரி ஒரு நிபந்தனை போட்டார். தாம் கொடுத்த கல்லிலும் ஒன்று என் பெட்டியில் போக வேண்டும். தேங்காய் உடைத்துப் பூசை போட்ட கல்லை ஒதுக்கினால் குவாரிக்கு ஆகாதாம். சரி என்றேன். பதிலுக்கு நானும் ஒன்று போட்டேன். கிணற்றுக்குள் பீடி கூடாது. மனிதர் வாயில் இருந்ததைக் கரையிலேயே தேய்த்து அணைத்துவிட்டு, நெருப்புப்பெட்டியைப் பட்டம்மாளிடம் பத்திரமாக ஒப்படைத்தார்.

இரும்புக் கூடையில் என்னை உட்காரவைத்து இறக்கினார்கள். ஈயச் சுரங்கத்தில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். அங்கே ஏணி உண்டு, பம்பு உண்டு. இங்கே மேலே ஒரு துண்டு வானமும், அதில் வாத்தியாரின் தலையும் மட்டும்தான். கீழே நின்று மேற்குச் சுவரைத் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இந்தக் குழம்பு கொதித்து மேலே பாய்ந்தபோது இந்தக் கொல்லை எங்கே, மனிதன் எங்கே, பனைமரம் எங்கே!

மேஸ்திரி வரிசையாகக் குழி வெட்டினார். அன்று முழுவதும் வெட்டினார். மத்தியானம் கூடையில் களியும் கருவாட்டுக் குழம்பும் இறங்கின. வாத்தியார் சைவம், அதனால் மேலேயே மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டு எனக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டார். கருவாட்டுக் குழம்பில் ஈப்போவை நான் முழுசாக மறந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஆப்பு இறங்கியது. ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டிக்கொண்டே போனார். திடீரென்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சுவரிலிருந்து தலையணை அளவில் ஒரு துண்டு முன்னால் சாய்ந்தது. நானும் கன்னியப்பனும் பிடித்து இறக்கினோம். கன்னங்கரேலென்று, நெருப்பும் மழையும் கண்டிராத கல். நான் அதைக் கட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான்.

"சார்" என்றார் கன்னியப்பன்.

அவர் கல் இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் ஆழத்தில் ஒரு கீறல். அந்தக் கீறல் வியர்த்திருந்தது. பிறகு ஒரு சொட்டு. மேஸ்திரி உளியை வைத்து இன்னும் இரண்டு அடி அடித்தார். சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர் பீறிட்டு அவர் தலைப்பாகையை நனைத்தது. அடுத்த அடிக்கு மணிக்கட்டு தடிமன். சேற்று வாசனையோடு குபுகுபுவென்று கொட்டியது.

கன்னியப்பன் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். கடல் பக்கத்து ஊர், உப்பாக இருந்துவிட்டால் எல்லாம் வீண். வாயிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கினார்.

"உப்பு இல்லடி!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "பட்டு! உப்பு இல்லடி!"

மேலேயிருந்து பட்டம்மாளின் குரல் வந்தது. அழுகிறார்களா, தேங்காய்க்காரரைத் திட்டுகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று வாத்தியார் பிறகு சொன்னார். கன்னியப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டு நாளாக என்னோடு பேசாத மனிதர். "நைனா" என்றார். "நைனா, நைனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணை மறைத்தது. என் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்பதையே கவனிக்கவில்லை.

முதலில் கல்லைத்தான் கூடையில் ஏற்றினார்கள், பிறகு என்னை. மத்தியானம் கோழிக் குழம்பு. எந்தக் கோழி என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். கறுப்பாக ஒரு பெரிய கல், குங்குமப் பொட்டோடு ஒரு சதுரக் கல். "மலேயாவில் கல் இல்லையா?" என்றார். என் அக்காள் கேட்ட அதே கேள்வி. வாத்தியார் குடையை முதன்முறையாக விரித்து, கப்பல் நகரும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஈப்போவில் துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெருப்புக் கல் எது, கிணற்றுக் கல் எது என்று காட்டினேன். அவர் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டையும் தம் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

பல மாதங்கள் தகவலே இல்லை. பிறகு சீமையிலிருந்து ஓர் இளம் அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே என்னைத் தேடிக்கொண்டு கோப்பிக்கடைக்கு வந்தார். துரையைப் பார்த்துவிட்டு வருகிறாராம். அவர் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பிக்க வேண்டுமாம்.

அந்த எரிமலை வெடித்து நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. துரை எழுதத் துணிந்ததைவிடவும் மிகமிகப் பழையது. "சிரித்தவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால் இதை அவனிடம் போய்ச் சொல் என்றார்" என்றார் அந்த இளைஞர். "சொல்லிவிட்டு அவர் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்கு இன்னொரு கோப்பி சொன்னேன்.

"இன்னொன்றும் சொல்லச் சொன்னார்" என்று அவர் தயங்கினார். "இரண்டு கல்லையும் தனித்தனியாக அளந்தார்களாம். இரண்டுக்கும் ஒரே வயது. நெருப்பின் சூடு கல்லின் தோலைத் தாண்டி உள்ளே போகவே இல்லையாம். குவாரிக் கல்லே போதுமாக இருந்திருக்கும். நீங்கள் அந்தக் கிணற்றில் இறங்கியிருக்கவே வேண்டாம் என்றார்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனுசாமி மேஸ்திரிக்கு இதை எப்படியாவது சொல்லி அனுப்ப வேண்டும், அவர் கல் சாகவில்லை. எரிமலைக்காக நான் இறங்கியிருக்க வேண்டாம்தான். ஆனால் நான் இறங்காமல் இருந்திருந்தால், அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் கீழ்நோக்கியே தோண்டிக்கொண்டிருப்பார்கள்.